கதவுக்குக் கீழே அரை அங்குலம்

ஓசூரில் வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர். அடுத்தது அட்வான்ஸ். மூன்றாவதாகத் தரையைப் பார்ப்பார்கள். பளபளவென்று புது டைல்ஸ் போட்டிருந்தால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். "இப்பதான் சார் டைல்ஸ் மாத்தினோம்" என்று வீட்டுக்காரர் சொல்லும்போதே வாடகை கொஞ்சம் ஏறியிருக்கும் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கதவுக்குக் கீழே மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஹாலில் புதுத் தரை முடிந்து, சமையலறையில் பழைய தரை தொடங்கும் இடம் அது. அங்கே ஒரு விளிம்பு நின்றுகொண்டிருக்கும். சில வீடுகளில் அரை அங்குலம், சிலவற்றில் முக்கால். மேஸ்திரி போகிற போக்கில் கொஞ்சம் சிமெண்டைக் குழைத்து அதன் மேல் சரிவாக இழுத்துவிட்டுப் போயிருப்பார். ஆறு மாதத்தில் அந்தச் சிமெண்ட் பெயர்ந்து விளிம்பு மறுபடி பல்லைக் காட்டும்.

இதெல்லாம் ஒரு கட்டுரைக்கு விஷயமா என்று சிரிக்கலாம். காலின் கட்டைவிரல் நகம் ஒரு முறை பெயர்ந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

முதலில் கணக்கு. முன்பெல்லாம் தரையை மாற்றுவதென்றால் பழைய தரையை உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கலவை போட்டுப் பதிப்பார்கள். அதில் தூசி, சத்தம், இடிபாட்டை அள்ளிப் போட வண்டி வாடகை, கூடவே பத்து நாள் வாடகை நஷ்டம். இப்போது பழைய மொசைக் மேலேயோ ரெட் ஆக்சைடு தரை மேலேயோ பசை தடவி நேரடியாக டைல்ஸ் ஒட்டுகிறார்கள். பசை 3 முதல் 5 மில்லிமீட்டர். டைல் 9 அல்லது 10 மில்லிமீட்டர். ஆக, தரை 12 முதல் 15 மில்லிமீட்டர் உயர்கிறது. அதாவது அரை அங்குலத்தைத் தொட்டோ தாண்டியோ. வீடு முழுக்க ஒரே சமயத்தில் உயர்ந்தால் தொல்லை குறைவு. ஆனால் பெரும்பாலும் வீட்டுக்காரர் ஹாலுக்கு மட்டும் போடுவார், மிஞ்சினால் முன் படுக்கையறைக்கும். சமையலறையில் அலமாரியும் மேடையும் இருப்பதால் "அது அப்படியே இருக்கட்டும்." அந்த அரை அங்குலம் வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

அரை அங்குலம் என்பது மிக மோசமான அளவு. ஒரு அடி உயரப் படி இருந்தால் கண்ணுக்குத் தெரியும், கால் தானாகத் தூக்கும். ஆறு அங்குலமும் அப்படியே. ஆனால் மனிதர்கள் சமதரையில் நடக்கும்போது காலை எவ்வளவு தூக்குகிறார்கள் தெரியுமா? நடையை அளந்து பார்த்தவர்கள் சொல்வது, முன்னே வீசும் காலின் நுனி தரையைக் கடக்கும் இடத்தில் இடைவெளி சுமார் 1 முதல் 2 சென்டிமீட்டர்தான். அதாவது நடை என்பதே தரையை உரசாத குறையாகப் போகிற காரியம். அந்த இடைவெளிக்குள் மிகச் சரியாகப் பொருந்துகிறது இந்த 12 மில்லிமீட்டர் விளிம்பு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது, காலை மாட்டிவிடும் அளவுக்குப் பெரியது. தடுக்கி விழ வைப்பதற்கென்றே யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட இதைவிட நல்ல அளவு கிடைத்திருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட தகவலின்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பில் முடியும் விழுகைகள் அதிகம் நேர்வது 60 வயதைத் தாண்டியவர்களுக்கு. எல்லாமே கதவுக்கு அடியில் நடந்தவை அல்ல. மாடி, மரம், கட்டட வேலை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனால் எழுபது வயதுக்காரர் ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு விளக்குப் போடாமல் பாத்ரூமுக்கு எழுந்து போகும் வழியில் எத்தனை கதவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் விஷயம் புரியும். இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீட்டின் கணக்குப் புத்தகமே மாறிப்போகும். ஆபரேஷன் செலவு ஒரு பக்கம், பார்த்துக்கொள்ள ஒருவர் வேலைக்கு லீவு போடுவது இன்னொரு பக்கம்.

இதை ஓசூரில் வைத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊர் தரையை மதிக்கத் தெரிந்த ஊர். 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளியே வந்தது. அதே ஆண்டு அசோக் லேலண்டும் இங்கே ஆலை தொடங்கியது. பின்னாலேயே டைட்டன் வந்தது. சிப்காட்டின் இரண்டு வளாகங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. டிவிஎஸ் மோட்டார் 2002-ல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. அதிலிருந்தும் அதற்கு முன்பிருந்தும் 5 எஸ், கைசன் என்பதெல்லாம் இந்த ஊர் டீக்கடையில்கூடக் காதில் விழும் வார்த்தைகள் ஆகிவிட்டன. ஆலைக்குள் நுழையும் பையனுக்கு முதல் நாளே சொல்லித் தருவது என்ன? மஞ்சள் கோட்டுக்குள் நட. தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே துடை. தரையில் பெயர்ந்த இடம் கண்டால் சூப்பர்வைசரிடம் சொல். ஏனென்றால் பாரம் ஏற்றிய கைவண்டியின் சின்னச் சக்கரம் 5 மில்லிமீட்டர் விளிம்பில் மோதினாலே சரக்கு சரியும், சக்கரம் உடையும். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 32-வது பிரிவில், தரையும் படியும் நடைபாதையும் உறுதியாகவும் தடங்கல் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று சொல்லியே வைத்திருந்தது. (அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. தரை என்னவோ அதே தரைதான்.)

எட்டு மணி நேரம் இப்படி 5 மில்லிமீட்டருக்குக் கணக்கு எழுதிவிட்டு, ஷிப்ட் முடிந்து பாகலூர் சாலையிலோ மத்திகிரியிலோ இருக்கும் லைன் வீட்டுக்கு வருகிறார் அந்தத் தொழிலாளி. அங்கே ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே 15 மில்லிமீட்டர். அவருடைய அம்மா சாம்பார்ச் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு அதைக் கடக்கிறார். இதற்கு எந்தக் கைசன் அட்டையும் கிடையாது.

ஏன் இப்படி? மேஸ்திரிக்கு வேலை தெரியாது என்பது சுலபமான பதில், ஆனால் தவறான பதில். இந்த ஊரில் டைல்ஸ் வேலை செய்பவர்களில் நல்ல கைக்காரர்கள் நிறைய உண்டு. தர்மபுரி, திருப்பத்தூர்க்காரர்கள், ராஜஸ்தான், பீகாரில் இருந்து வந்தவர்கள். ஹாலின் நடுவில் நான்கு டைல் சேரும் மூலையைத் தடவிப் பாருங்கள், விரலுக்கு ஒரு மேடு தட்டாது. அதே ஆள்தான் வாசலில் கோட்டை விடுகிறார். காரணம் கூலி கணக்கிடும் முறை. டைல்ஸ் வேலைக்குக் கூலி சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். ஹாலில் நேராக இருநூறு சதுர அடி ஓட்டுவது லாபம். ஒரு கதவுக்குக் கீழே இருப்பதோ மூன்றடி நீளம், சுவர் நாலரை அங்குலம் என்றால் மொத்தம் ஒரு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். அந்த ஒரு சதுர அடிக்குள் இரண்டு தரையின் மட்டம் பார்க்க வேண்டும், நிலையின் இரண்டு கால்களுக்கும் வளைவு வெட்ட வேண்டும், கல்லின் விளிம்பைத் தேய்க்க வேண்டும், கதவு திறந்து மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அரை நாள் போய்விடும். கிடைக்கும் கூலி ஒரு சதுர அடிக்கு உண்டானது. வணிகவியல் வகுப்பில் துண்டுக்கூலி முறையின் குறை என்று பாடம் நடத்துவார்களே, எதை அளக்கிறாயோ அது மட்டும்தான் கிடைக்கும் என்று, அதற்குப் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட நல்ல உதாரணம் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குக் கீழேயும் கிடக்கிறது.

அடுத்த காரணம், பணம் கொடுப்பவரும் தடுக்கி விழுபவரும் ஒரே ஆள் இல்லை. வீட்டுக்காரர் தரைக்குச் செலவழிப்பது வாடகைக்காக. அந்த விளிம்பில் நடப்பது குடியிருப்பவர். அவருக்கோ பதினோரு மாத ஒப்பந்தம். "நம்ம வீடா இது, எதுக்குச் செலவு பண்ணணும்" என்று அவரும் விட்டுவிடுவார். 2021-க்குப் பிறகு போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா ஸ்கூட்டர் ஆலை, ஓசூர்ப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று வந்தபின் வீடுகளுக்குத் தேவை கூடியதே தவிர, கதவுக்குக் கீழே குனிந்து பார்த்து வீட்டை வேண்டாம் என்று சொல்லும் வசதி யாருக்கும் கூடவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாசற்படி என்றாலே நம்மூரில் ஒரு மரியாதை. தமிழில் வாசற்படி, தெலுங்கில் கடப, கன்னடத்தில் ஹொஸ்திலு. எல்லையோரம் என்பதால் ஓசூரில் ஒரே தெருவில் மூன்று சொல்லும் காதில் விழும். மூன்று வீட்டிலும் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். மூன்று வீட்டிலும் அதன் மேல் உட்கார்ந்தால் பாட்டி திட்டுவார். (இரணியனை நரசிம்மர் வதம் செய்த இடம் அல்லவா!) அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. தலைவாசல் படி உயரமாகவே இருக்கட்டும். அது எல்லோருக்கும் தெரிந்த படி, கால் அதற்குப் பழகியிருக்கிறது. பழைய வீடுகளில் உள்கதவுகளுக்கும் மரத்தில் அடிப்படி இருந்தது. அதற்கும் காரணம் இருந்தது. நிலையின் இரண்டு கால்களும் விலகாமல் அது பிடித்துக்கொண்டது, தரையைக் கழுவி விடும்போது தண்ணீர் அடுத்த அறைக்குப் போகாமல் தடுத்தது, தேள் பூரானுக்கும் கொஞ்சம் தடை. இப்போது உள்கதவு நிலைகளுக்கு அடிப்படி வைப்பது அநேகமாகப் போய்விட்டது. படியை எடுத்துவிட்டோம், சரி. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் அரை அங்குல விளிம்பை யாரும் பார்த்து வைக்கவில்லை. அது தானாக முளைத்தது. தெரிந்து வைத்த படிக்கும் தெரியாமல் முளைத்த விளிம்புக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே பிரச்சினை.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? கடினமான வித்தை எதுவும் இல்லை. டைல்ஸ் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே கதவுகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இடுப்புயரத்தில் டியூப் லெவல் பிடித்து எல்லா அறைச் சுவரிலும் ஒரே மட்டத்தில் குறி வைத்துவிட்டு, ஒவ்வொரு வாசலிலும் அந்தக் குறியிலிருந்து தரைவரை அளந்தால் எந்த அறை எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பழைய வீட்டில் ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு மட்டத்தில் இருக்கும். அதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் வேலை முடிந்தபிறகு வரக்கூடாது.

இரண்டு தரைக்கும் வித்தியாசம் இருந்தே தீரும் என்றால் அதைச் சுவரின் அகலம் முழுக்கப் பரப்ப வேண்டும். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் கதவுக்குக் கீழே கிடைக்கும் இடம் சுமார் 230 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் வித்தியாசத்தை அதற்குள் சரிவாக இறக்கினால் கிட்டத்தட்ட 19-க்கு 1 என்ற சரிவு. நடப்பவருக்கு இறங்கியதே தெரியாது. நாலரை அங்குலச் சுவர் என்றால் 10-க்கு 1-ஐ ஒட்டி வரும். அதுவும் பரவாயில்லை, செங்குத்தாக நிற்கும் விளிம்பைவிட ஆயிரம் மடங்கு மேல். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2010-ம் ஆண்டுக் கட்டட விதிகள் கதவுக்கீழ்ப் படிக்கு வைத்திருக்கும் உச்ச அளவு அரை அங்குலம். அதிலும் கால் அங்குலத்துக்கு மேல் செங்குத்தாக நிற்கக்கூடாது, மீதியைச் சரிவாகச் சீவ வேண்டும். இந்தியாவில் தடையற்ற கட்டடங்களுக்கு வகுத்த வழிகாட்டுதல்களும் ஏறக்குறைய அதே அளவைத்தான் பேசுகின்றன. ஆனால் அவை பார்ப்பது பெரும்பாலும் அலுவலகத்தையும் ஆஸ்பத்திரியையும். லைன் வீட்டுக்கு யார் அளவுகோல் எடுத்துக்கொண்டு வரப்போகிறார்கள்?

அந்தச் சரிவுக்குத் தோதான பொருள் கிரானைட் பட்டி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கிரானைட்டுக்குப் பஞ்சம் என்று சொன்னால் யாராவது அடிப்பார்கள். பர்கூர்ப் பக்கத்துக் கல் உலகம் முழுக்கப் போகிறது. எல்லை தாண்டி ஜிகினியில் அறுத்து மெருகேற்றும் பட்டறைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் வாசலுக்கு வருவது என்ன? சமையல் மேடை போட்டு மிஞ்சிய துண்டு. நிறம் சேராதது ஒரு குறை, அது போகட்டும். ஓரம் தேய்க்காமல் அறுத்தபடியே பதித்துவிடுவதுதான் உண்மையான குறை. இரண்டு ஓரத்தையும் சீவி மெருகேற்றி, அடியில் முழுக்கப் பசை நிரப்பிப் பதிக்க வேண்டும். நான்கு மூலையில் மட்டும் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்தினால் நடுவில் வெற்றிடம் நிற்கும். விரலால் தட்டினால் டொக் டொக் என்று காட்டிக்கொடுக்கும். ஒரு நாள் கேஸ் சிலிண்டரை அதன் மேல் உருட்டும்போது விரிசல் விடும்.

இன்னொரு சின்ன நுணுக்கம், அழகு சம்பந்தப்பட்டது. இரண்டு தரையும் சேரும் கோடு, மூடிய கதவின் கனத்துக்கு நேர் கீழே வர வேண்டும். கதவுப் பலகை நிலையின் ஒரு ஓரமாகத்தான் இருக்கும், நடுவில் இருக்காது. கோட்டைச் சுவரின் நடுவே போட்டால் கதவை மூடிய பிறகும் அடுத்த அறையின் தரை நாலு விரல் அகலத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் வாங்கும் அடுக்குமாடி வீடுகளில் படுக்கையறைக்கு மரம்போன்ற லேமினேட் தரை போடுவது பழக்கமாகி வருகிறது. அதற்கு வாசலில் கல் பட்டியை நெருக்கமாக ஒட்டக்கூடாது. மழைக்காலத்தில் அது ஈரம் குடித்து விரியும். சுவரோரத்தில் விடுவதுபோல வாசலிலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதன் மேல் டி வடிவ அலுமினியப் பட்டியை மூட வேண்டும். அந்தப் பட்டியின் கால் தரையில் பொருந்த வேண்டும், லேமினேட்டில் அல்ல. இரண்டையும் சேர்த்து ஆணி அடித்துவிட்டால் தரை நடுவில் எழும்பி நிற்கும்.

பாத்ரூம் கதை வேறு. அங்கே வித்தியாசம் வேண்டும். பாத்ரூம் தரை வெளியறையைவிடத் தாழ்ந்து, வாட்டம் கதவிலிருந்து விலகி, தண்ணீர் போகும் துளையை நோக்கி இருக்க வேண்டும். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டும்போது பாத்ரூம் தரையும் அரை அங்குலம் ஏறிவிடுகிறது. முன்பிருந்த தாழ்வு போய்விடுகிறது. ஒரு பக்கெட் கவிழ்ந்தால் தண்ணீர் படுக்கையறைக்குள் வந்துவிடும். வந்தபிறகு அவசரமாக இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு கல்லை நிறுத்தி வைப்பார்கள், ஈரக்காலோடு வெளியே வருகிறவர் தடுக்கி விழ. பாத்ரூம் என்றால் கொஞ்சம் செலவானாலும் பழைய தரையை உடைத்து எடுப்பதே சரி. இங்கே மட்டும் குறுக்குவழி வேண்டாம்.

கதவையும் மறக்கக்கூடாது. தரை உயர்ந்தால் கதவு உரசும். ஆசாரி வந்து அடியில் ஒரு அங்குலம் அறுத்துவிட்டுப் போவார். தரை முடிந்த பிறகு அதன் மேலிருந்து அளந்து அறுத்தால் தேவையான அளவு மட்டும் போகும். முன்கூட்டியே உத்தேசமாக அறுத்தால் பூனை நுழையும் சந்து கிடைக்கும். அறுத்த அடிமுனைக்கு உடனே பிரைமரோ வார்னிஷோ பூச வேண்டும். யாரும் பார்க்காத இடம் என்பதால் யாரும் பூசுவதில்லை. தரை துடைக்கும் தண்ணீர் தினமும் அதன் வழியே ஏறி, இரண்டு வருஷத்தில் பிளஷ் டோர் அடியில் உப்பிப் பிரிந்துவிடுகிறது. பிவிசி கதவாக இருந்தால் உள்ளே வெற்றிடம். அறுக்க முடியுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

"வயசானவங்க ரெண்டு நாள்ல பழகிப்பாங்க" என்று ஒரு வாதம் உண்டு. பகலில் பழகுவார்கள். பவர்கட்டில், காய்ச்சலில், தூக்கக் கலக்கத்தில், பேரனை இடுப்பில் வைத்திருக்கும்போது பழக்கம் உதவிக்கு வராது. வாக்கர் பிடித்து நடக்க வேண்டிய நிலை வந்தால் பழக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாக்கரின் காலுக்குக் கண் கிடையாது.

செலவு என்று பார்த்தால், ஐந்தாறு உள்கதவு உள்ள வீட்டில் மொத்தப் பட்டிக்கும் ஆறேழு சதுர அடிக் கல் போதும். ஹாலுக்கு வாங்கும் டைல்ஸில் உடைந்துபோகும் என்று கூடுதலாக வாங்கி வைப்பதைவிடக் குறைவு. மாற்ற வேண்டியது விலைப்பட்டியலை. தரைக்குச் சதுர அடிக் கூலி பேசும்போதே, வாசல் பட்டிக்குத் தனியாக, கதவு ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வரியில் ஓரம் சீவுவது, மட்டம் பார்ப்பது, கதவின் அடியைப் பூசுவது எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். மேஸ்திரிக்கு அரை நாள் நியாயமான கூலியோடு கிடைத்தால் ஹாலின் நடுவில் காட்டுகிற கைவேலையை வாசலிலும் காட்டுவார். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, விளக்கை அணைத்து, ஹாலில் இருந்து சமையலறைக்கும் அங்கிருந்து பாத்ரூமுக்கும் ஒரு நடை நடந்து பார்க்கலாம். எங்கே கால் தட்டுகிறதோ அங்கே இன்னும் வேலை பாக்கி.